சோற்றுக்குத் துணையான ஒயின்

இத்தாலியில் 20 மாநிலங்கள். இருபதிலும் திராட்சை விளைகிறது. இருபதிலும் ஒயின் வடிக்கிறார்கள். வடக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரம், நடுவில் டஸ்கனிக் குன்றுகள், தெற்கே எட்னா எரிமலையின் கருமண், அதையும் தாண்டி ஆப்பிரிக்கக் கரைக்கு அருகில் கிடக்கும் பான்டெல்லேரியா தீவு என்று கொடி படராத இடம் குறைவு. சாதாரண ஆண்டில் 400 முதல் 500 கோடி லிட்டர் வரை ஒயின் கிடைக்கிறது. உலக அளவில் முதலிடம் பெரும்பாலும் இத்தாலிக்கே. 2023இல் மழை கூடி, அடிச்சாம்பல் நோய் கொடிகளைத் தாக்கியதில் விளைச்சல் 400 கோடி லிட்டருக்கும் கீழே போனது. அந்த ஆண்டு பிரான்ஸ் முந்திக்கொண்டது. அடிச்சாம்பல் என்ன செய்யும் என்பதைத் தொண்டாமுத்தூர், மாதம்பட்டிப் பக்கத்துத் திராட்சை விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்னூர் வட்டாரத்துக்கு இத்தாலியை அறிமுகம் செய்தது ஒயின் அல்ல, எந்திரம். கோயமுத்தூர்–சத்தியமங்கலம் சாலையும் அவிநாசி–மேட்டுப்பாளையம் சாலையும் குறுக்கிடும் இந்த ஊரைச் சுற்றி, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே நூற்பாலைகள் எழுந்தன. நூலைக் கோனில் சுற்றும் சாவியோ எந்திரம் இத்தாலியின் வடகிழக்கில் உள்ள போர்டெனோனே நகரத்தில் தயாராகிறது. மார்சோலி எந்திரங்களின் ஊர் பிரேசியா மாவட்டத்துப் பலாட்சோலோ. ஜவுளி எந்திரங்களுக்கான இட்மா கண்காட்சி 1983, 1995, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் மிலானில் நடந்தது. எந்திரம் பார்க்கவும், விலை பேசவும், பயிற்சி எடுக்கவும் கொங்கு நாட்டு மில்காரர்கள் போய் வந்தார்கள். போர்டெனோனே மாவட்டம் முழுவதும் புரோசெக்கோ ஒயினின் எல்லைக்குள் அடங்குகிறது. பலாட்சோலோவை ஒட்டிய குன்றுகளில் விளைவது பிராஞ்சகோர்த்தா. ஒயினைத் தேடிப் போகாதவர்கள் ஒயின் நாட்டின் நடுவீட்டிலேயே போய் உட்கார்ந்தார்கள்.

1990களில் அப்படிப் போனவர்கள் திரும்பி வந்து சொன்ன நினைவுகள் பெரும்பாலும் பகல் சாப்பாட்டைப் பற்றியவை. அங்கே தொழிற்சாலைக்குப் பக்கத்துச் சிற்றுண்டிச் சாலையில், நடுப்பகலில், முதலாளியும் ஃபிட்டரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். கேட்காமலே தண்ணீர்க் குப்பியும் கண்ணாடிக் கூஜாவில் ஒயினும் வரும். கூஜா கால், அரை, ஒரு லிட்டர் அளவுகளில் இருக்கும். உள்ளே இருப்பது பெயரில்லாத வீட்டு ஒயின். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அரைக் கிளாஸ், முதல் சுற்றுப் பாஸ்தாவோடு இன்னொரு அரைக் கிளாஸ், அவ்வளவுதான். ஒரு காபியைக் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். யாரும் தள்ளாடவில்லை, யாரும் மறைத்துக் குடிக்கவில்லை, வறுத்த கடலைத் தட்டும் இல்லை. இதைப் பார்த்த கொங்கு நாட்டுக்காரருக்கு முதலில் வந்தது சந்தேகம். "புளிச்ச தண்ணியாட்டம் இருக்குதுங்க, இதுக்கா இத்தனை பேரு?" என்று கேட்டவர்கள் உண்டு. தனியாக ஒரு வாய் குடித்தால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். வீட்டு ஒயின் தனியாகக் குடிப்பதற்காக வடிக்கப்பட்டதல்ல. பன்றித் தொடை இறைச்சியின் உப்பும் பாலாடைக்கட்டியின் கொழுப்பும் நாக்கில் இருக்கும்போது அதே புளிப்பு வாயைக் கழுவிவிட்டு அடுத்த கவளத்துக்கு இடம் செய்கிறது.

இத்தாலி ஒயினைப் பற்றிய எல்லா விவரமும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளைக்கிறது. தமிழ்நாட்டில் குடிக்குத் தொட்டுக்கொள்ளத் தீனி. அங்கே தீனிக்குத் தொட்டுக்கொள்ளக் குடி. இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் காரணம் நாக்கு மட்டுமல்ல, வரலாறும் சட்டமும் கூட. ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971இல் நீங்கி, மீண்டும் வந்து, மறுபடியும் நீங்கியது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போனது. கள்ளுக்கு 1987இலிருந்து தடை. பனையும் தென்னையும் நிறைந்த கொங்கு நாட்டில் உணவோடு ஒட்டியிருந்த மென்மையான பானம் சட்டத்துக்கு வெளியே நிற்க, 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தியும் ரம்மும் அரசுக் கடையில் கிடைக்கின்றன. சோற்றோடு சேர்த்து ஒரு வாய் என்பது இந்த ஏற்பாட்டில் முளைக்கவே முடியாது. குடிப்பது வீட்டுக்கு வெளியே, சாப்பாட்டுக்கு முன்னால், அவசரமாக என்று ஆனது.

ஆனாலும் இத்தாலி ஒயினுக்குக் கொங்கு நாடு புதிய இடமல்ல. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளுஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, பரூச் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளில் ஒயினைச் சொல்லி, இத்தாலியதற்கே அங்கே முதல் மதிப்பு என்கிறது. மேற்குக் கரை முசிறிக்கும் ஒயின் வந்தது, அளவு அதிகமில்லை என்கிறது. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே வந்த பாதை கொங்கு நாட்டைக் கடந்து கருவூருக்குப் போனது. வழியில் வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோம் வெள்ளிக் காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் மணிகள் செய்த பட்டறைகளை வெளியே கொண்டுவந்தன; படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல் ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்துக்குப் போனது. கருவூரிலும் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரிலும் புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டிலும் இரண்டு காது வைத்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் கிரேக்கத் தீவான கோஸ் வகை ஜாடிகள் ஒரு பெரும் பங்கு. இத்தாலியின் கம்பானியாவிலிருந்து வந்தவையும் உண்டு. அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியெடுத்த சிவப்புப் பீங்கான் தட்டுகள் டஸ்கனியின் அரெட்சோ நகரத்தவை. ஒயின் மட்டும் வரவில்லை, அதோடு உண்ணும் தட்டும் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பாண்டியன் நன்மாறனைப் பாடும் புறநானூற்று 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் பெண்கள் ஊற்றித் தருவதைச் சொல்கிறார். அரசன் வீட்டு விருந்து அது. அன்னூர்க் காட்டில் ஆடு மேய்த்தவனுக்கு ஒரு சொட்டு கிடைத்திருக்க வழியில்லை.

அந்தக் காலத்து ரோமர்கள் தலையில் வைத்துக் கொண்டாடியது கம்பானியாவின் மாசிக்கோ மலைச்சரிவில் விளைந்த ஃபலேர்னியன். ஓபிமியுஸ் ஆட்சியில் இருந்த கி.மு. 121ஆம் ஆண்டு அறுவடையைப் பல தலைமுறை பேசியது. அதே சரிவில் இன்றும் ஃபலேர்னோ தெல் மாசிக்கோ என்ற பெயரில் ஒயின் வடிக்கிறார்கள். ஊரையும் ஆண்டையும் சேர்த்து ஒயினை அடையாளம் சொல்லும் பழக்கம் இத்தாலியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

இன்றைய பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க அந்தப் பழக்கம் தெரிந்தால் போதும். பெயர்கள் இரண்டு வகை. பரோலோ, கியாந்தி, சோவாவே போன்றவை இடத்தின் பெயர்கள். அந்த இடத்தில் எந்தத் திராட்சை என்பதைச் சட்டம் முடிவு செய்திருக்கிறது. பார்பேரா தால்பா, மோண்டெபுல்சியானோ தப்ரூட்சோ போன்றவற்றில் முன்பாதி திராட்சை, பின்பாதி இடம். டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ 1716இலேயே கியாந்திக்கு எல்லை வகுத்து ஆணையிட்டார். நாடு முழுவதற்குமான சட்டம் 1963இல் வந்தது. அதன்படி தரப்படும் அடையாளம் டிஓசி. அதற்கும் மேல்படியான டிஓசிஜி 1980இல் பரோலோ, புருனெல்லோ போன்ற சிலவற்றுக்கு முதலில் கிடைத்தது. இன்று எழுபதுக்கு மேல் இருக்கின்றன. கட்டுப்பாடு குறைந்த ஐஜிடி 1992இல் வந்தது. இந்த மூன்று அடையாளங்களைச் சுவையின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது சரியல்ல. அவை சொல்வது விளைந்த இடத்தையும் வடித்த முறையையும் மட்டுமே. டஸ்கனிக் கடற்கரையில் பிரெஞ்சுத் திராட்சையை நட்டு 1968 அறுவடையிலிருந்து விற்பனைக்கு வந்த சாஸ்சிகாயா, சட்டப்படி கீழ்த்தட்டு மேசை ஒயினாகவே நெடுநாள் விற்றது; விலையோ டிஓசிஜி ஒயின்கள் பலவற்றை மிஞ்சியது.

வடமேற்கில் பியெமோந்தேயிலிருந்து தொடங்கினால், அங்கே அரசன் நெப்பியோலோ திராட்சை. ஆல்பா நகரத்தைச் சுற்றிய குன்றுகளில் அக்டோபர் மூடுபனிக்குள் பழுக்கிறது. அதில் வடிப்பதுதான் பரோலோ. குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் கிடந்த பிறகே விற்க முடியும். நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்போ ஈறைப் பிடிக்கும். முதல்முறை ஒயின் குடிப்பவருக்குப் பரோலோவைக் கொடுப்பது விருந்தாளியைத் துரத்தும் வழி. அதே குன்றுகளின் விவசாயிகள் அன்றாடம் குடிப்பது பார்பேரா. துவர்ப்பு குறைவு, புளிப்பு அதிகம், விலையும் கம்மி. பக்கத்து அஸ்தியில் மொஸ்காத்தோ திராட்சையில் வடிக்கும் மொஸ்காத்தோ தஸ்தி இனிப்பானது, லேசாக நுரைப்பது, ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டியது. பியர் அளவுதான்.

லோம்பார்தியாவில் பிராஞ்சகோர்த்தா. 1961இல் பெர்லுக்கி நிறுவனத்தில் ஃபிராங்கோ சிலியானி, ஷாம்பெய்ன் முறையில் பாட்டிலுக்குள்ளேயே நுரைக்க வைத்து முதல் ஒயினை எடுத்தார். கிழக்கே வெனெத்தோவும் ஃபிரியூலியும் சேர்ந்த புரோசெக்கோ வேறு கதை. கிளேரா என்ற திராட்சை. நுரை ஏறுவது பாட்டிலில் அல்ல, மூடிய பெரிய எஃகுத் தொட்டியில். இந்தத் தொட்டி முறைக்கு 1895இல் காப்புரிமை வாங்கியவர் ஃபெதெரிகோ மார்த்தினோத்தி என்ற இத்தாலியர். செலவு குறைவு, பழ மணம் கெடுவதில்லை. போர்டெனோனேக்குப் போன மில்காரர்களுக்கு முதலில் நீட்டப்பட்ட கிளாஸ் பெரும்பாலும் இதுதான். அங்கே கூடவே வருவது பொலெந்தா, அதாவது மக்காச்சோளக் களி. களியைக் கண்டதும் ஊர் நினைவு வந்ததாகச் சொன்னவர்கள் பலர். குழம்பு ஊற்றிக்கொள்ள வழியில்லையே என்பதுதான் குறை. வெனெத்தோவின் மேற்கில் சோவாவே என்ற வெள்ளை ஒயின், அதற்குப் பக்கத்தில் வால்போலிசெல்லா. அங்கே அறுத்த திராட்சையை மூன்று மாதத்துக்கு மேல் பரணில் உலர்த்தி, எடையில் மூன்றில் ஒரு பங்கு போன பிறகு பிழிந்து எடுப்பது அமரோனே. 15, 16 சதவீத ஆல்கஹால் வரை ஏறும்.

எமிலியாவில் லம்புருஸ்கோ. சிவப்பாகவும் இருக்கும், நுரைக்கவும் செய்யும், குளிர்ச்சியாகவும் தருவார்கள். ஒயின் ரசிகர்கள் சிலர் இதை ஏளனம் செய்வது வழக்கம். ஆனால் பார்மா ஊர்ப் பன்றித் தொடை இறைச்சிக்கும் பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்கும் நடுவில் இதைவிடப் பொருத்தமான ஒன்று இத்தாலியில் இல்லை.

டஸ்கனிக்குச் சான்ஜோவேசே. பேரோன் பெத்தினோ ரிக்காசோலி 1872இல் எழுதிய கடிதத்தில் கியாந்திக்கான கலவையைச் சொன்னார்: முதுகெலும்புக்குச் சான்ஜோவேசே, மென்மைக்குக் கனாயோலோ, இளமையில் குடிப்பதாக இருந்தால் கொஞ்சம் வெள்ளை மல்வாசியா. வைக்கோல் கூடை சுற்றிய குடுவையில் உலகமெல்லாம் போனது அந்தக் கியாந்தி. கறுப்புச் சேவல் முத்திரை போட்ட கியாந்தி கிளாசிகோ பழைய நடு எல்லைக்குள் விளைந்தது. மொந்தால்சினோ ஊரில் சான்ஜோவேசேயை மட்டுமே வைத்து வடிப்பது புருனெல்லோ. அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் சந்தைக்கு வரும். பக்கத்து மோண்டெபுல்சியானோவின் ஒயினுக்கு வீனோ நோபிலே என்று பெயர். தமிழில் எழுதிய தத்துவ போதகர் என்று அறியப்பட்ட ராபர்ட்டோ தெ நோபிலியின் குடும்பம் அந்த ஊரைச் சேர்ந்தது. 1606இல் மதுரைக்கு வந்த அவர், காவியுடுத்தி, இறைச்சியையும் ஒயினையும் உணவிலிருந்து விலக்கி, சோறும் பாலும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். நல்ல ஒயின் ஊர்க்காரர் ஒருவர் தமிழ்நாட்டுக்காகச் செய்த தியாகங்களில் இதையும் எழுதி வைக்க வேண்டும்.

தெற்கே போகப் போக வெயில் கூடும், ஒயினும் தடிக்கும். அப்ரூட்சோவின் மோண்டெபுல்சியானோ என்ற திராட்சைக்கும் டஸ்கனி ஊருக்கும் பெயர் மட்டுமே பொது. கம்பானியாவில் எரிமலை மண்ணின் ஃபியானோ, கிரேக்கோ என்ற வெள்ளைகளும் அலியானிக்கோ என்ற முரட்டுச் சிவப்பும். புல்யாவில் பிரிமித்தீவோ, அமெரிக்காவில் ஜின்பாண்டல் என்று விற்பதும் இதுவே என்பதை மரபணு ஆய்வு காட்டியது. சிசிலியில் நேரோ தாவோலா, எட்னாச் சரிவில் நெரெல்லோ மாஸ்கலேசே. 1773இல் ஜான் வுட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர் கப்பல் பயணத்தில் கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்த்து அனுப்பத் தொடங்கிய மார்சலா ஒயினும் சிசிலிதான்.

இத்தாலி ஒயினின் பெயர் ஒரே அடியில் மண்ணில் விழுந்த ஆண்டு 1986. வடக்கே மலிவு ஒயினில் ஆல்கஹால் சதவீதத்தை ஏற்ற மெத்தனால் கலந்தார்கள். 23 பேர் இறந்தார்கள், பலருக்குக் கண் போனது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றதும் அதே மெத்தனால். இத்தாலியில் அதற்குப் பிறகு ஏற்றுமதி சரிந்தது, சோதனை இறுகியது, மலிவாக நிறைய வடித்துத் தள்ளும் பழக்கத்தைப் பல ஊர்கள் கைவிட்டன. குடிப்பவர்களும் குறைத்துக்கொண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் ஓர் இத்தாலியர் ஆண்டுக்குச் சராசரி 100 லிட்டருக்கு மேல் குடித்தார். இன்று அதில் பாதிகூட இல்லை.

உணவோடு சேர்ப்பதில் இத்தாலியர் வைத்திருக்கும் வழி எளிது: அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு அந்த ஊர் ஒயின். அவர்கள் சாப்பாடு வரிசையாக வருகிறது. முதலில் அன்டிபாஸ்தோ என்ற தொடுகறிகள், அடுத்துப் பாஸ்தாவோ அரிசியோ, பிறகு இறைச்சி அல்லது மீன், கடைசியில் இனிப்பு. லேசானதிலிருந்து கனமானதற்கும், வெள்ளையிலிருந்து சிவப்புக்கும் ஒயின் நகரும். வாழையிலையில் எல்லாம் ஒன்றாக வந்து விழும் கொங்கு நாட்டு விருந்துக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. ஆகவே ஊர்ப் பொருத்தத்தை விட்டு, வாயில் நடப்பதைப் பார்ப்பது உதவும்.

சிவப்பு ஒயினின் துவர்ப்பு திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வருவது. அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். கொழுப்புள்ள வெள்ளாட்டுக் கறி வாயில் இருந்தால் துவர்ப்பு கறியைப் பற்றிக்கொண்டு ஒயின் மிருதுவாகிறது. கறி இல்லையென்றால் எச்சிலின் புரதத்தைப் பற்றி வாயை வறளவைக்கிறது. உப்பு துவர்ப்பைத் தணிக்கும். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் தூக்கிவிடும். 15 சதவீத அமரோனேயும் வரமிளகாயும் சந்தித்தால் தொண்டை எரிவது தவிர வேறு எதுவும் தெரியாது. காரத்தை அடக்குவது குளிர்ச்சியும் சிறிது இனிப்பும். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை விடக் கூடினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். இந்த நான்கைந்து செய்திகள் கைவசம் இருந்தால் பெரிய ஓட்டல் பணியாளரின் சிபாரிசு தேவையில்லை.

கொங்கு நாட்டுச் சமையலுக்கு ஓர் அனுகூலம் உண்டு. புளியும் மசாலாப் பொடியும் மட்டு. தேங்காய், சின்ன வெங்காயம், வரமிளகாய், கடலை எண்ணெய், சீரகம் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் காரியம் முடிந்துவிடும். அரிசி பருப்புச் சாதம் நல்ல தொடக்கம். பூண்டும் சீரகமும் நெய்யும் மணக்கும் அந்தச் சாதத்துக்குச் சோவாவே அல்லது வெர்திக்கியோ போன்ற மணம் அடங்கிய வெள்ளை பொருந்துகிறது. வெனிஸ்காரர்கள் ஏப்ரல் 25 அன்று, தங்கள் நகரத்துப் புனிதர் மாற்குவின் திருநாளில், அரிசியும் பச்சைப் பட்டாணியும் குழைய வேகவைத்து உண்பதும் அதே சோவாவே ஒயினோடுதான்.

பள்ளிபாளையம் சிக்கன் கொஞ்சம் சிக்கலானது. பொடி மசாலா இல்லை, தேங்காய்ப் பல் இருக்கிறது. ஆனால் வரமிளகாயின் எண்ணிக்கை பயமுறுத்தும். துவர்ப்புள்ள சிவப்பு இதில் கசந்துபோகும். நன்றாகக் குளிர்ந்த புரோசெக்கோ பொருத்தமானது. சீட்டில் எக்ஸ்ட்ரா டிரை என்று போட்டிருப்பது பெயருக்கு மாறாகப் புரூட் வகையை விடச் சற்று இனிப்பானது, அதைத்தான் எடுக்க வேண்டும். சிறிது இனிப்புள்ள லம்புருஸ்கோவும் தாங்கும். நாட்டுக்கோழிக் குழம்புக்கும் வெள்ளாட்டுக் கறி வறுவலுக்கும் பார்பேரா. அது இல்லையென்றால் அப்ரூட்சோவின் மோண்டெபுல்சியானோ. விலையுயர்ந்த பரோலோவை ஆட்டுக்கறிக் குழம்போடு வைப்பது இரண்டுக்கும் நட்டம். தலைக்கறி, குடல் வறுவல் போன்ற கொழுப்புக் கூடியவை லம்புருஸ்கோவின் நுரைக்கு அடங்கும்.

சைவச் சாப்பாட்டில் கொள்ளுப் பருப்புக் கடைசலைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மண் மணமுள்ள பயறு அது. டஸ்கனிக்காரர்களைப் பயறு தின்னிகள் என்று மற்ற இத்தாலியர் கேலி பேசுவார்கள். அவர்கள் வெள்ளைப் பயற்றை ஆலிவ் எண்ணெய் ஊற்றி, இளம் கியாந்தியோடு உண்கிறார்கள். கொள்ளுக்கும் இளம் கியாந்தி பொருந்தும், ஒரு கரண்டி நெய் ஊற்றினால் இன்னும் பொருந்தும். தக்காளியைக் கடைந்து செய்வதற்கும் சான்ஜோவேசேதான். தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு அதில் இருக்கிறது.

ரசத்தோடு எதுவும் சேராது. பச்சைப்புளி ரசமும் செலவு ரசமும் ஒயினைத் தண்ணீராக்கிவிடும். அந்தக் கட்டத்தில் கிளாஸைத் தள்ளி வைப்பதே மரியாதை. தயிர்ச் சோற்றுக்கும் அப்படியே. ஊறுகாயைத் தொட்ட நாக்குக்கு அடுத்த ஐந்து நிமிடம் எந்த ஒயினும் ஒன்றுதான். இலையின் கடைசியில் ஒப்பிட்டோ கச்சாயமோ வந்தால் மொஸ்காத்தோ தஸ்திக்கு நேரம் வந்துவிட்டது. இனிப்புக்குத் தரும் ஒயின் இனிப்பை விடக் குறைந்த இனிப்பாக இருந்தால் புளித்துப் போனதுபோல் தெரியும். வெல்லப் பண்டங்களுக்கு இன்னும் அடர்த்தியான பான்டெல்லேரியாவின் பாசித்தோ கிடைத்தால் சிறப்பு. அது மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்ற திராட்சையை வெயிலில் உலர்த்தி எடுப்பது.

அந்தத் திராட்சைக்கும் இங்குள்ள பன்னீர்த் திராட்சைக்கும் நேரடி உறவு இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை, உலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படும் வகை. அதன் பெற்றோரில் ஒன்று மேற்சொன்ன மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. மற்றது ஸ்கியாவா குரோஸ்ஸா, இத்தாலியின் வடகோடி மலைநாட்டுக் கறுப்புத் திராட்சை. கோயமுத்தூர் உழவர் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கும் பழத்துக்கு இத்தாலியில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

பாட்டில் வாங்குவது பெரிய செலவு. வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியா நெடுங்காலம் விதித்துவந்த சுங்க வரி 150 சதவீதம். அதற்கு மேல் மாநில வரிகள். இத்தாலியில் கூஜாவில் கிடைக்கும் தரத்துக்கு இங்கே பல மடங்கு விலை கொடுக்க நேரும். டாஸ்மாக்கின் எலைட் கடைகளிலும் நட்சத்திர ஓட்டல்களிலும் கிடைப்பவை சில வகைகளே. இத்தாலிச் சாயல் மட்டும் போதுமென்றால் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் வடிக்கும் ஃபிராட்டெல்லி ஒயின் இருக்கிறது. இந்தியாவைச் சேர்ந்த இரண்டு குடும்பத்துச் சகோதரர்களும் டஸ்கனிக்காரச் சகோதரர்களும் சேர்ந்து தொடங்கியது. டஸ்கனியின் பியெரோ மாசி வடிக்கும் பொறுப்பை ஏற்றார். சான்ஜோவேசேயும் அங்கே நட்டார்கள். வெயில் மண்ணில் விளைந்த சான்ஜோவேசே கியாந்தியாகிவிடாது, ஆனால் ஆட்டுக்கறிக்குத் தோற்காது.

வாங்கிய பாட்டிலை வைக்கும் விதத்தில்தான் இங்கே பலர் கெடுத்துவிடுகிறார்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று பழைய ஐரோப்பிய நூல்கள் சொல்லும் அறை, 16 முதல் 18 டிகிரி வரை உள்ள கல் வீடு. அன்னூரில் ஏப்ரல் மாத அறையில் வைத்த சிவப்பு ஒயின் கொதித்த கஷாயம்போல் ஆகிவிடும். பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். வெள்ளை 8 முதல் 12 டிகிரி, நுரைக்கும் வகை அதைவிடக் குளிர்ச்சி. தக்கை மூடியுள்ள பாட்டிலை நீண்ட நாள் வைப்பதானால் படுக்கவைப்பது வழக்கம். திருகு மூடிக்கு அந்தத் தேவை இல்லை. திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது; மீதி இடம் மணத்துக்கு. ஐஸ் கட்டி போடுவதும் சோடா கலப்பதும் குற்றமல்ல. இத்தாலியிலேயே ஆப்பெரோல் என்ற கசப்பு மதுவும் சோடாவும் சேர்த்துப் புரோசெக்கோவைக் கோடையில் குடிக்கிறார்கள்.

அளவைச் சொல்லாமல் ஒயினைப் பற்றிப் பேசுவது நேர்மையல்ல. 750 மில்லி பாட்டில் ஒன்றில் சாப்பாட்டுக் கிளாஸ் ஐந்து. நான்கைந்து பேர் கொண்ட மேசைக்கு ஒரு பாட்டிலே கணக்கு. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பழைய பேச்சை நம்ப வேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை; அந்த மேசையில் தண்ணீர்க் குப்பியும் எப்போதும் உண்டு. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. இந்தியச் சட்டப்படி வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. இத்தாலியில் அந்த வரம்பு 50.